வாயில் வராத கடவுச்சொல்

கமுதி பஜாரில் ஓர் உரக்கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஓர் இடம் கிடைத்தது. அதில்தான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மனு அடிப்பது, ஜாதகம் கணித்துக் கொடுப்பது, கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவு நாளில் வகுப்பு எடுப்பது என்று வந்ததையெல்லாம் செய்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. கெட்டதைப் பிரித்தேன், பிரித்ததை இன்னும் கெடுத்தேன், அப்படியே பழகிவிட்டது.

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்றில் விண்டோஸ். இன்னொன்றில் லினக்ஸ். அந்த லினக்ஸ், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து நான் ஏற்றியது. மெஷினை உயிரோடு நடமாட வைக்கிற அடிப்படை ஏற்பாடு என்று இரண்டையும் சொல்லலாம். வேலை ஒன்றுதான், குணம் வேறு. அந்தக் குணத்தை நான் விளக்கப் போனால் ஒரு மணி நேரம் ஆகும். எதிரே மண்டி வைத்திருந்த மிளகாய் வியாபாரி ஒருநாள் மழைக்கு ஒதுங்கினவர், இரண்டையும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, இந்த விண்டோசு மினிபஸ்ஸு மாதிரி. ஏறி உக்காந்தாப் போதும், கொண்டு போயிருவான். ஆனா அவன் ரூட்டுலதான் போவான். ஒன்னோட லினக்சு டிராக்டரு. வரப்பு மேலகூட ஏத்தலாம். ஆனா ரிப்பேரானா நீதான் கீழ படுக்கணும்."

அதற்குப் பிறகு இந்தச் சங்கதி பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அவர் சொன்னதைத் தாண்டி யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பஸ்ஸானாலும் டிராக்டரானாலும் சாவி யார் கையில் இருக்கிறது என்பது அது. அதை எனக்கு விளங்க வைத்தது என் தங்கச்சி.

தங்கச்சி என்றால் சித்தப்பா மகள். கமுதியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஒரு ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். அந்த முறை உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், அவள் புருஷன் அவளை நிறுத்தினான். சுவரொட்டியில் அவள் படம் ஒரு தீப்பெட்டி அளவு, அவன் படம் ஒரு முறம் அளவு. ஜெயித்தாள். ஊருக்குள் போய்த் தலைவர் எங்கே என்று கேட்டால் அவனைத்தான் காட்டினார்கள். அவளைக் கேட்டால் அவளும் அவனைத்தான் காட்டினாள், முதல் ஒரு வருஷம்.

அவன் கெட்டவன் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலகலப்பான மனுஷன். எனக்கு மாப்பிள்ளை முறை, என்னை மச்சான் என்பான். ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தபோது, விண்டோஸ் போட்டிருந்த அந்த மெஷினைக் கற்றுக்கொள்ள வாரம் இரண்டு தரம் என் கடைக்கு வந்தான். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு மாதத்தில் மனு அடிக்கப் பழகிவிட்டான். அப்புறம் ஒருநாள் வந்து பெருமையாக உட்கார்ந்தான்.

"மச்சான், மெஷினுக்குப் பூட்டுப் போட்டுட்டேன். கண்டவனும் வந்து கை வைக்கிறான்."

"பாஸ்வேர்டா? நல்லதுதான் மாப்ள. மறந்துராம."

"மறக்குற வார்த்தையா அது? ஒங்க தங்கச்சி வாயில வராத வார்த்தய வச்சிருக்கேன்."

பக்கத்துத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்டுகள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால், "கணவர் பேரு?" என்று கேட்பவரிடம் பதில் சொல்லாமல் வரிசையில் பின்னால் நிற்பவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சொல்லுவாள். அவள் முறை வரும்போது இவள் சொல்லுவாள். அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல். ஆக, மாப்பிள்ளை தன் பெயரையே பூட்டாகப் போட்டிருக்கிறான். இந்தப் பெருமையைக் கமுதியில் மட்டும் சொல்லி நிறுத்தியிருப்பானா? டீக்கடையிலும் சொன்னான், வீட்டிலும் சொன்னான்.

அவளுக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை, ஊருணி விஷயம் வரும்வரை.

அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. குழாயில் வருவதைக் குளிக்கலாம், குடிக்க முடியாது. குடிதண்ணீருக்கு ஊருணிதான். அது மண்மேவி, கருவேல முள் அடைத்து, பங்குனியிலேயே சேறாகிவிடும். அப்புறம் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் பெண்கள் இதை இரண்டு தரம் எழுந்து கேட்டார்கள். இரண்டு தரமும் மாப்பிள்ளை அடித்துக் கொண்டுவந்த தாளில் சிமெண்ட் ரோடுதான் இருந்தது. அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ரோடு போட்டால் மிளகாய் ஏற்றுகிற லாரி களத்துக்கே வரும், ஊரில் பாதி ஆண்கள் கேட்டது அதைத்தான்.

ஆடி மாதம் அவள் என் கடைக்கு வந்தாள். கையில் பை, வெயிலில் கறுத்த முகம்.

"அண்ணே, சுதந்திர தினத்துக்குக் கிராம சபை. அதுல ஊருணிய தூர் வார்றது மொதத் தீர்மானமா வரணும்."

"தலைவரு நீதான. கொண்டு வா."

"தாளுல இருந்தாத்தான் சபையில வரும். தாளு அவுக அடிக்கிறது. கேட்டா, எழுதிட்டேன் எழுதிட்டேங்குறாக. வந்து பாத்தா ரோடு."

"கையில எழுதிட்டுப் போயேன்."

"ஒரு தரம் எழுதிட்டும் போனேன். அச்சடிச்ச தாளு ஒண்ணும் கையெழுத்துத் தாளு ஒண்ணும் இருந்தா ஆபிசரு எத எடுப்பாரு?"

நான் எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்ட நினைத்தேன். லினக்ஸ் சிடி ஒன்றைப் போட்டு மெஷினைக் கிளப்பினால், உள்ளே இருக்கிற விண்டோஸின் பூட்டைத் தொடாமலேயே உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்டு தேவையில்லை. அவன் அடித்து வைத்ததையெல்லாம் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். கடை மெஷினிலேயே செய்து காட்டினேன். இதுதான் திறந்த மென்பொருளின் மகிமை என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"வேணாம்ணே. ஓட்டப் பிரிச்சு எறங்குற மாதிரில்ல இருக்கு. என் ஆபிசுக்கு நான் எதுக்கு ஓட்டப் பிரிச்சு எறங்கணும்?"

சிடியை வெளியே எடுத்துவிட்டேன். திறந்திருப்பது வேறு, பூட்டை ஏமாற்றித் திறப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிறகு வேறு மாதிரி செய்தோம். அலுவலக மெஷினில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி லினக்ஸைப் போடுவது. மெஷினைப் போட்டதும், எதில் போகலாம் என்று அதுவே கேட்கும். மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டேன். "போடுங்க மச்சான், அவளும் எதையாச்சும் தட்டிப் பழகட்டும்" என்றான். பூட்டுப் போடட்டுமா என்று அவளைக் கேட்டதற்கு, "எனக்கு எதுக்குண்ணே" என்றாள். போடவில்லை.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது, முழுக்கத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெனுவில் இருக்கிற தமிழ் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஃபைல் என்றால் தெருவில் போகிறவனுக்கும் தெரியும், 'கோப்பு' என்று போட்டிருக்கிறார்களே, இவளுக்கு எப்படிப் புரியப் போகிறது என்று தயங்கிக்கொண்டே காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"கோப்புதானண்ணே. யூனியன் ஆபிசுல பூராம் கோப்பு கோப்புன்னுதான் சொல்றாக. இதத்தான் இவ்வளவு நாளு இங்கிலீஷ்ல ஒளிச்சு வச்சிருந்தாகளா?"

சுலபம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று அப்புறம் வெகுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குச் சுலபமானது ஃபைல். அவளுக்குச் சுலபமானது கோப்பு. அவரவர் ஏற்கெனவே நடந்து பழகின பாதைக்குத்தான் சுலபம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அவள் கேள்வி கேட்பவள். "இத யாருண்ணே செஞ்சது? சும்மாவா குடுக்குறாக?" என்றாள். உலகம் பூராவும் இருக்கிற ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஊருணி மாதிரி என்றேன். ஊருணி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்கும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப யாரு தூர் வார்றது?"

எடுக்கிறவர்களில் சிலர் வருவார்கள், தப்பைச் சரிசெய்வார்கள், சொல்லைத் திருத்துவார்கள் என்று இழுத்தேன்.

"சிலருதானா? எல்லாருமே எடுத்துட்டு, வர்றவுக வரட்டும்னு இருந்தா நம்ம ஊருணி மாதிரித்தாண்ணே ஆகும்."

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மெனுவில் 'தொகு' என்று ஒரு சொல் இருந்தது. எழுதினதைத் திருத்துகிற இடம். தொகு என்றால் என்ன என்று அவள் கேட்டாள், திருத்துவது என்றேன். "அப்ப திருத்துன்னே போட வேண்டியதுதான" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூராவும் மெனக்கெட்டு, அந்தச் சொற்கள் இருக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து, அவள் மெஷினில் அதை 'திருத்து' என்று மாற்றிவிட்டேன். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போனபோது அவளிடம் காட்டினேன். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் மாத்தலாமாண்ணே?"

"இதுல மாத்தலாம்."

"எழுதியிருந்தா எழுதினதுதான்னு நெனச்சிருந்தேன்."

ஒன்று மட்டும் முடியவில்லை. அந்தப் பிரிண்டர் லினக்ஸோடு பேசவே மாட்டேன் என்றுவிட்டது. இரண்டையும் பேசவைக்கிற டிரைவர் என்கிற சின்ன மென்பொருள் எங்கேயும் கிடைக்கவில்லை. டிராக்டருக்கு அடியில் படுத்துப் பார்த்தும் பிரயோசனம் இல்லை. எழுதுவதை இதில் எழுதலாம், அச்சடிக்க விண்டோஸுக்குத்தான் போகணும் என்று சொன்னேன். விண்டோஸுக்குப் போக அந்தப் பூட்டைத் தாண்ட வேண்டும். "அத அப்பப் பாத்துக்குவோம்" என்றாள்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் மத்தியானம் போன் வந்தது. அவள்தான். அலுவலகத்திலிருந்து பேசினாள். தீர்மானத்தை அடித்து முடித்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி, எங்கே திறந்தாலும் எழுத்து மாறாத மாதிரிப் படமாக்கிப் பென் டிரைவிலும் எடுத்து வைத்துவிட்டாள். இப்போது விண்டோஸ் வாசலில் நிற்கிறாள்.

"ஒரு கட்டம் வந்து நிக்குதுண்ணே."

"பாஸ்வேர்டு கேக்குது தாயி. மாப்ள எங்க?"

"மொளகா லோடோட விருதுநகரு போயிருக்காக."

"போன்ல கேட்டா சொல்லப் போறான்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக. அதுக்குத்தான் கேக்கல."

"அப்ப பஸ் ஏறி இங்க வா. நான் அச்சடிச்சுத் தாரேன்."

"இன்னைக்கு ஒங்ககிட்ட வந்தா அடுத்த சபைக்கும் ஒங்ககிட்டத்தான வரணும்?"

அதுவும் சரிதான். போனில் பின்னால் பெண்கள் குரல் கேட்டது. தண்ணீருக்குப் போகிற கூட்டம் தள்ளுவண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தது என்று பிறகு சொன்னாள்.

"என்ன வார்த்தைன்னு ஒனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"ஊருக்கே தெரியும்."

"அப்புறமென்ன?"

பின்னாலிருந்து ஒருத்தி, "சொல்லித் தொலையேன்டி, விருதுநகருக்கா கேக்கப் போகுது" என்றாள். இன்னொருத்தி, "நான் வேணா சொல்றேன், எனக்குக் கொழுந்தன் மொறதான்" என்றாள். ஒரே சிரிப்பு.

"சொல்ல வேணாம் தாயி. அடிச்சாப் போதும்," என்றேன்.

"சொல்றதும் எழுதுறதும் ஒண்ணுதானண்ணே. அடிச்சா எழுத்தா வந்து கண்ணு முன்னால நிக்கும்ல?"

அவள் தயக்கம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவளுடைய லினக்ஸில் பூட்டே போடாததால், பூட்டைத் திறக்கும்போது திரையில் என்ன தெரியும் என்று அவள் பார்த்ததே இல்லை.

"நிக்காது. நீ எந்த எழுத்த அடிச்சாலும் அந்தக் கட்டத்துல கறுப்புப் புள்ளிதான் விழும். யாரு கண்ணுக்கும் பேரு தெரியாது. ஒங் கண்ணுக்கும் தெரியாது."

"நெசமாவா?"

"ஒரு எழுத்த அடிச்சுப் பாரு."

'டொக்' என்று ஒரு சத்தம்.

"ஏய், புள்ளிதாண்டி வருது," என்று அவள் பெண்களிடம் சொல்வது கேட்டது.

"பெறகென்ன, கோலத்தப் போடு."

நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. கடையில் நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன், என்னமோ பஜார் சத்தம் கேட்டால் அவள் விரல் தவறிவிடும் என்பதுபோல.

"தப்புங்குதுண்ணே."

எங்கே தப்பு என்று நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள். "இருங்க. அவுக எதுல கையெழுத்துப் போட்டாலும் இனிசியல விட மாட்டாக." மறுபடியும் 'டொக்', 'டொக்' என்று முதலிலிருந்து. பிறகு விண்டோஸ் திறக்கும்போது போடுமே ஒரு சின்ன இசை, அது போனுக்குள் கேட்டது. அதை அதுவரை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அது ஒரு நல்ல இசை என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரத்தது. போனை வைக்கவும் மறந்துவிட்டாள்.

நான் லினக்ஸ் கட்சி. மூடி வைத்ததைக் குறை சொல்லியே பழகின வாய். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கைகொடுத்தது, எழுத்தை மறைக்கிற அந்தப் புள்ளி. திருடனுக்குத் தெரியக்கூடாது என்று யாரோ செய்து வைத்த மறைப்பு, அவள் வைத்திருந்த ஒரு மரியாதையையும் காப்பாற்றி, வேலையையும் முடித்துக்கொடுத்தது. அவள் எழுதக் கற்றது திறந்த வீட்டில். எழுதினது தாளாக வந்தது பூட்டின வீட்டில். இதில் எது உசத்தி என்று என்னைக் கேட்டால், அவளைக் கேளுங்கள் என்பேன்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் கிராம சபைக்குப் போனேன். பள்ளிக்கூட வளாகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு கூட்டம். மாப்பிள்ளை விருதுநகரிலிருந்து காலையில்தான் வந்திருந்தான், வெள்ளை வேட்டி கலையாமல் முன்னால் நின்றான். அவள் எழுந்து பையிலிருந்து தாளை எடுத்தாள். முதல் தீர்மானம் ஊருணி. இரண்டாவது தீர்மானம் சிமெண்ட் ரோடு. ரோட்டை அவள் எடுக்கவில்லை, கீழே இறக்கி வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை தாளை எட்டிப் பார்த்தான். அச்சு அவனுடைய பிரிண்டர் அச்சுதான், ஓரத்தில் ஒரு கோடு விழும். என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், ஓட்டப் பிரிச்சீங்களோ?"

"நான் கமுதியில இருந்தேன் மாப்ள."

அவளைப் பார்த்தான். குரலை இறக்கிக் கேட்டான். "சொல்லிட்டியா?"

"சொல்லல," என்றாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டான். கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "படி, படி" என்றான். அவள் படித்தாள். தடுமாறித்தான் படித்தாள். கை தூக்குங்கள் என்றபோது பெண்கள் பக்கம் மொத்தமாகத் தூக்கியது. ஆண்கள் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, ரோடும் கீழே இருப்பதைக் கேட்டுவிட்டு மிச்சப் பேரும் தூக்கினார்கள். மாப்பிள்ளை கடைசியில் தூக்கினான்.

அடுத்த கோடையில் ஊருணியைத் தூர் வாரினார்கள். முதல் கூடை மண்ணைத் தலைவர்தான் எடுத்தார். தலைவர் என்று நான் இங்கே எழுதுவது அவளை. ஐப்பசி மழையில் அது நிரம்பிய அன்று போன் செய்து, "தண்ணி கெடக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் விண்டோஸிலும் தனக்கென்று தனியாக ஒரு வாசல் வைத்துத் தரச் சொன்னாள். அவுகளோடது அப்படியே இருக்கட்டும் என்றாள். வைத்துக்கொடுத்தேன். பாஸ்வேர்டை அடிக்கும்போது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லவில்லை. புள்ளிதானே விழும்.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை கடைக்கு வந்தான். பத்திரிகையைப் புரட்டினான், மழை பற்றிப் பேசினான், டீ வாங்கிவரச் சொன்னான். எதற்கோ அடி போடுகிறான் என்று தெரிந்தது.

"மச்சான், ஒங்க தங்கச்சி என்ன வார்த்த வச்சிருக்கா?"

"தெரியாது மாப்ள."

"ஒங்களுக்குத் தெரியாமயா?"

"சத்தியமாத் தெரியாது. புள்ளிதான் பாத்தேன்."

டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "எம் பேரா இருக்குமோ?"

பக்கத்துக் கடையிலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். "ஒம் பேரான்னு தெரியணும்னா போயி அடிச்சுப் பாக்க வேண்டியதுதானப்பா."

"அடிச்சுப் பாத்துட்டேன்," என்றான்.

"இனிசியலோடயா?" என்று நான் கேட்டேன்.

"இனிசியலோடயும்."